ஆடிட்டர் ஆபீஸ் கணக்கு வேலையை வெளியே கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் எங்களுடையது சின்ன ஆபீஸ். நான், இரண்டு ஸ்டாஃப், ஓர் ஆர்டிக்கிள் மாணவர் (ஆபீசில் பயிற்சி பெறும் சி.ஏ. மாணவர்), அவ்வளவுதான். ஆறு வருடமாகக் கணக்கு எழுதும் வேலையில் பெரும்பகுதியை வெளியே கொடுத்து வாங்குகிறோம். இதே யோசனையில் இருக்கும் ஆடிட்டர் நண்பர்களும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர்களும் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த வேலையை வெளியே கொடுக்கலாம்? எதைக் கொடுக்கக் கூடாது?

பில் என்ட்ரி, பேங்க் என்ட்ரி, பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கைப் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடுவது), ஜிஎஸ்டிஆர்-1க்கு (விற்பனை ரிட்டர்ன்) விற்பனைப் பட்டியல் தயாரிப்பது, கொள்முதல் லெட்ஜரை 2பி-யோடு (சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிடுவது, டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி) ரிட்டர்னுக்கு விவரம் திரட்டுவது, பிஎஃப், இஎஸ்ஐ பட்டியல். இவை போகலாம். இந்த வேலைகளுக்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். கிளையன்டை எதிரில் உட்கார வைத்துப் பேச வேண்டியதில்லை.

ரிட்டர்னை ஃபைல் செய்வது, வரி ஆலோசனை, நோட்டீசுக்குப் பதில், ஆடிட், கையெழுத்து ஆகியவை ஆபீசை விட்டு நகரவே கூடாது. வருமான வரி ரிட்டர்னில் சம்பளக்காரர்களுடையதை வெளியே தயாரிக்கச் சொல்லி நாம் சரிபார்க்கலாம். நிலம் விற்றவர், ஷேர் வியாபாரம் செய்பவர், குடும்பச் சொத்து பிரித்தவர் என்றால் நானே உட்கார்ந்து போடுகிறேன். அந்த ரிட்டர்ன்களில் பேப்பரில் இருப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அதிகம்.

இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டால் போதாதா?

கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் வேலை மாதம் முழுக்கச் சீராக வருவதில்லை. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி 2பி வரும், 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் 3பி (வரியைக் கட்டிப் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்). 5-ஆம் தேதியிலிருந்து 20 வரை இரவு ஒன்பது மணிக்கும் லைட் எரியும். 22-ஆம் தேதி பார்த்தால் ஆபீசே தூங்கும். அந்தப் பதினைந்து நாள் நெருக்கடிக்காக மாதச் சம்பளத்தில் ஓர் ஆளைச் சேர்த்தால், மீதிப் பதினைந்து நாளுக்கு அவருக்குத் தர வேலை இருக்காது.

ஆர்டிக்கிள் மாணவர்களை நம்பித்தான் சிறிய ஆபீஸ்கள் ஓடின. 2023 ஜூலை முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆர்டிக்கிள்ஷிப் 3 வருடத்திலிருந்து 2 வருடமாகிவிட்டது. இதில் முதல் ஆறு மாதம் சொல்லிக் கொடுக்கவே போய்விடும். இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சி.ஏ. படிக்க வந்த பிள்ளையை இரண்டு வருடமும் பெட்ரோல் பில் என்ட்ரி போட வைப்பது நியாயமே இல்லை. எங்கள் மாணவர் இப்போது அசெஸ்மென்ட் பேப்பர் படிக்கிறார், கிளையன்ட் இடத்துக்கு ஸ்டாக் பார்க்கப் போகிறார். வேலையை வெளியே கொடுத்ததால் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி இதுதான்.

சட்டப்படி இது சரியா? சி.ஏ. இன்ஸ்டிட்யூட் ஏற்குமா?

கணக்கு எழுதும் வேலையில் உதவி வாங்கத் தடையில்லை. தடை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

கம்பெனிகளைப் பொறுத்தவரை, 2013 கம்பெனிச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு, ஒரு கம்பெனியின் ஸ்டாச்சுடரி ஆடிட்டர் (சட்டப்படியான ஆடிட் செய்பவர்) அதே கம்பெனிக்குக் கணக்கெழுதும் சேவையை நேராகவோ மறைமுகமாகவோ தரக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். "நான் எழுதவில்லை, வெளியே கொடுத்து எழுதி வாங்குகிறேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

புரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப் கணக்குகளும் இதற்கு விலக்கல்ல. வரி ஆடிட் பற்றிய இன்ஸ்டிட்யூட்டின் வழிகாட்டுக் குறிப்பின்படி, ஒருவரின் கணக்கை எழுதிப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் ஆடிட்டர் அந்தக் கணக்கை ஆடிட் செய்யக் கூடாது. இது அவருடைய பார்ட்னருக்கும் ஃபர்முக்கும் பொருந்தும். நம் ஊரில் நடப்பது என்ன என்று நமக்கே தெரியும். அதே ஆபீஸ் கணக்கு எழுதும், அதே ஆபீஸ் செப்டம்பர் 30-க்குள் ஆடிட் ரிப்போர்ட்டும் போடும். வெளியே கொடுக்கத் தொடங்கும் நேரத்திலாவது இதை நேர் செய்துவிடுங்கள். ஆடிட் கிளையன்ட் என்றால் கணக்கெழுதுபவரை அந்தக் கிளையன்டே அமர்த்தட்டும், சம்பளமோ ஃபீஸோ அவரே நேராகக் கொடுக்கட்டும். நல்ல ஆளைக் காட்டுவதோடு நம் வேலை முடிந்தது. நாம் கணக்கு எழுதி வாங்கிக் கொடுப்பது ஆடிட் செய்யாத கிளையன்டுகளுக்கு மட்டும். நான் என் ஃபைல்களை இப்படி இரண்டாகப் பிரிக்க ஒரு வருடம் ஆனது. சில கிளையன்டுகளின் ஆடிட்டை வேறு ஆடிட்டருக்கு அனுப்பினேன். வருமானம் குறைந்தது உண்மை. ஆனாலும் அப்படிச் செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாவது, ஆடிட் வேலையே. நம் பெயரில் ரிப்போர்ட் தருகிறோம் என்றால் அந்தக் கணக்கைப் பரிசோதித்தவர் நாமோ, நம் பார்ட்னரோ, நம் ஊழியரோ, பிராக்டிசில் இருக்கும் இன்னொரு சி.ஏ.வோதான் இருக்க வேண்டும். 1949 சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள விதி இது. வவுச்சிங்கை (என்ட்ரிகளைப் பில்லோடு சரிபார்ப்பது) வெளி ஆளிடம் விட்டுவிட்டு யுடின் (ரிப்போர்ட்டுக்கு இன்ஸ்டிட்யூட் தரும் தனி எண்) எடுத்துக் கையெழுத்துப் போடுவது இந்த விதிக்கு நேர் எதிரானது.

கிளையன்ட் ஃபீசில் 40 சதவீதம் தந்துவிடுகிறேன் என்று பேசலாமா?

சி.ஏ. என்றால் வேண்டாம். அதே 1949 சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, நம் தொழில் ஃபீசிலோ லாபத்திலோ பங்கு, கமிஷன், தரகு என எதையும் உறுப்பினர் அல்லாதவருக்குத் தரக் கூடாது (விதிகளில் குறிப்பிட்ட சில தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு). வேலைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசுங்கள்.

கிளையன்டிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். கிளையன்டின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வேறொருவரிடம் வெளியிடுவதும் இரண்டாம் அட்டவணையில் உள்ள தவறுதான்.

"சொன்னால் கிளையன்ட் போய்விடுவாரே" என்ற பயம் எனக்கும் இருந்தது. சொன்ன பிறகு ஒருவர்கூடப் போகவில்லை. "என் கணக்கை வெளியூர்க்காரன் பார்ப்பானா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள், அவர்கள் கணக்கை உள்ளேயே வைத்துக்கொண்டோம். மற்றவர்களிடம் ஃபீஸ் கடிதத்தில் இந்தப் பத்தியைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினோம்: "உங்கள் கணக்குப் பதிவு வேலையின் ஒரு பகுதியை, எங்கள் ஆபீஸ் மேற்பார்வையில், ஒப்பந்தத்தில் உள்ள வெளிப் பணியாளர்கள் செய்வார்கள். உங்கள் விவரங்களைக் காக்கும் பொறுப்பும், வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பும் எங்களுடையவை. சம்மதம் இல்லையென்றால் தெரிவிக்கவும். முழு வேலையையும் எங்கள் ஆபீசிலேயே செய்கிறோம்."

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் கையாளும் வேலையை இன்னொருவரிடம் கொடுக்க ஒப்பந்தம் வேண்டும், கொடுத்துவிட்டதால் பொறுப்பு கைமாறிவிடாது என்பவை இதில் நமக்கான செய்திகள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பனியன் கம்பெனியில் 80 பேர் சம்பளப் பட்டியல் என்றால் 80 பேரின் ஆதார், பேங்க் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பாஸ்வேர்டு, டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்) எல்லாம் கொடுத்தால்தானே வேலை நடக்கும்?

கொடுக்காமலே நடக்கும். 2பி-யை நாமே டவுன்லோடு செய்து அந்த எக்செல் ஃபைலை அனுப்பினால் போதும், ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எதற்கு? 26ஏஎஸ், ஏஐஎஸ் (வருமான வரித் தளத்தில் கிடைக்கும் வரி, வருமான விவரங்கள்), பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாமே அப்படித்தான். வெளியே இருப்பவருக்கு வேண்டியது ஃபைல் மட்டும்தான்.

டாலி கணக்கு சாஃப்ட்வேரில் அவர்களுக்குத் தனி யூசர் பெயர் கொடுங்கள். எல்லோரும் ஒரே அட்மின் லாகினில் போனால் யார் எதை மாற்றினார்கள் என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. முடிந்த மாதங்களில் என்ட்ரி போட முடியாதபடி தேதியைப் பூட்டிவிடலாம். கம்பெனிக் கணக்கென்றால் 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் (எது, எப்போது மாறியது என்ற பதிவு) உள்ள சாஃப்ட்வேர் கட்டாயம், அதை அணைத்து வைக்கவும் கூடாது. மற்ற கணக்குகளுக்கும் அதையே போட்டுவிட்டோம்.

டிஎஸ்சி விஷயத்தில் நாம் எல்லோரும் திருந்த வேண்டும். எந்த ஆடிட்டர் ஆபீசிலும் மேஜை டிராயரை இழுத்தால் கிளையன்டுகளின் டோக்கன்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும், பாஸ்வேர்டு அதன் மேலேயே பேப்பர் ஒட்டி எழுதியிருக்கும். 2000-த்தின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், கையெழுத்துச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கடமையை டிஎஸ்சி உரியவர்மேல்தான் வைக்கிறது. எங்களிடம் இருந்த 34 டோக்கன்களையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். இப்போது ஃபைலிங் அன்று கிளையன்ட் கொண்டுவருகிறார், அல்லது ஓடிபி-யில் முடித்துக்கொள்கிறோம்.

பில்களை எப்படி அனுப்புவது?

வெற்றியோ தோல்வியோ இங்கேதான் முடிவாகும். சாஃப்ட்வேரில் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

எங்கள் கிளையன்டுகளில் பாதிப் பேர் மாதம் ஒருமுறை மஞ்சப்பையில் பில்களைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பவர்கள். மீதிப் பேர் வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்புவார்கள். தறிக்கூடத்து வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் பில் நம்பர் தெரியாது. பெட்ரோல் பில், டோல் பில் எல்லாம் தெர்மல் பேப்பர். இரண்டு மாதம் பையில் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். அதனால் பை வந்த அன்றே ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவார். ஒவ்வொரு பில்லின் வலது மூலையிலும் வரிசை எண் முத்திரை விழும். அதே எண்ணை வெளியே இருப்பவர் டாலி என்ட்ரியின் நரேஷனில் (குறிப்பு வரியில்) போடுவார். ஒரு வருடம் கழித்து ஒரு பில் கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுக்க முடிகிறது. போட்டோவாக வந்த பில் பேப்பராகவும் வந்து இரண்டு முறை என்ட்ரி ஆவதும் இதனால் நின்றது.

இந்த முத்திரைக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அண்ணனுக்கு ஒரு கம்பெனி, தம்பிக்கு ஒரு கம்பெனி. பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், கட்டடமும் ஒன்றே. இருவரும் ஒரே சாயப்பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள். தம்பிக்கு வந்த சாயப் பில்கள் மூன்று மாதமாக அண்ணன் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணன் 2பி-யில் அவை வராததால், வெளியே எழுதிய பெண் அவற்றை "சப்ளையர் இன்னும் ரிட்டர்ன் போடவில்லை" என்று ஒதுக்கி வைத்திருந்தார். தம்பி 2பி-யில் வந்த பில்களுக்கு அவர் புத்தகத்தில் என்ட்ரி இல்லை. அங்கே "பில் வரவேண்டும்" என்று குறிப்பு. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் புரிந்தது. நல்லவேளை, இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை அவகாசம் இருந்ததால் பணம் போகவில்லை.

அந்தப் பெண்ணிடம் தவறில்லை. அண்ணன், தம்பி என்று இரண்டு கம்பெனி இருப்பதை நாங்கள் சொல்லவே இல்லை. நம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்குக் காதில் விழுந்தே தெரிந்துவிடும் விஷயங்கள் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. அன்று முதல் ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறோம்: என்ன தொழில், யார் யார் குடும்பம், எந்தெந்தப் பேங்க், எந்தச் செலவு வீட்டுச் செலவு, எந்த வண்டி யார் பெயரில். ஜிஎஸ்டி எண்ணில் தமிழ்நாட்டுக்கான 33-க்குப் பின் வரும் பத்து எழுத்துகள்தான் பான். பெயரைப் பார்க்காமல் அந்தப் பத்தைப் பார்த்து என்ட்ரி போடச் சொல்கிறோம்.

யாரிடம் கொடுப்பது?

பெரிய நிறுவனங்கள் உண்டு, சின்ன சென்டர்கள் உண்டு, வீட்டிலிருந்து செய்பவர்கள் உண்டு. எங்கள் அளவு ஆபீசுக்கு வீட்டிலிருந்து செய்பவர்களே பொருந்தினார்கள். எங்களிடம் வேலை பார்த்து, கல்யாணமாகி வேறு ஊர் போன இரண்டு பெண்கள்தான் தொடக்கம். ஒருவர் கரூரில், ஒருவர் திண்டுக்கல்லில். ஜாப் ஒர்க் சலான் எது, டேக்ஸ் இன்வாய்ஸ் எது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போன நேரத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். நம் ஊர்களில் பி.காம். முடித்து, டாலி தெரிந்து, வீட்டில் இருக்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மில்லில் அக்கவுன்டன்டாக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர்களும் உண்டு.

வீட்டில் செய்பவர்தானே என்று கூலியைக் குறைக்காதீர்கள், மாதம் தவறாமல் கொடுங்கள். பில்லை 9-ஆம் தேதி அனுப்பிவிட்டு 10-ஆம் தேதி முடித்துத் தரச் சொல்லாதீர்கள். தாமதம் நம்முடையது, தூக்கம் இழப்பது மட்டும் அவரா?

சென்டரிடம் கொடுத்தால், அவர்கள் அதை இன்னொருவரிடம் கைமாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். யார் உட்கார்ந்து எழுதுகிறார் என்று பெயர் கேளுங்கள். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு ஆகும்? ஜிஎஸ்டி, டிடிஎஸ் உண்டா?

என்ட்ரி கணக்கில் பேசலாம், மணிக் கணக்கில் பேசலாம், ஃபைலுக்கு மாதம் இவ்வளவு என்றும் பேசலாம். என்ட்ரிக்கு இவ்வளவு என்றால் வேகம் கூடும், யோசிப்பது குறையும். நான் ஃபைலுக்கு மாதத் தொகை பேசி, குறிப்பிட்ட வவுச்சர் எண்ணிக்கையைத் தாண்டினால் கூடுதலாகத் தருகிறேன். பேசும் முன் ஒரு மாதம் உங்கள் ஆபீசில் எந்த ஃபைலுக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதி வையுங்கள். மாதம் 2,000 ரூபாய் ஃபீஸ் தரும் கிளையன்டுக்கு 14 மணி நேரம் போகிறது என்றால், வெளியே கொடுத்தாலும் அந்த நஷ்டம் தொடரும். முதலில் ஃபீசைப் பேசுங்கள்.

வேலை செய்பவர் ஜிஎஸ்டியில் பதிவானவர் என்றால் பில்லில் 18 சதவீதம் வரும். நாமும் பதிவானவர் என்றால் கிரெடிட் கிடைக்கும், இல்லையென்றால் அது நம் செலவு. பார்ட்னர்ஷிப் ஃபர்ம் என்றால், வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறை ஃபீஸ் போகும்போது டிடிஎஸ் பிடிக்க வேண்டும்.

வந்த வேலையை எப்படிச் சரிபார்ப்பது?

எல்லா என்ட்ரியையும் மறுபடி பார்த்தால் வெளியே கொடுத்ததே வீண். பார்க்க வேண்டிய இடங்கள் சிலவே. நான் முதலில் கேஷ் லெட்ஜரைத் திறப்பேன். எந்த நாளாவது மைனசில் போயிருந்தால் ஏதோ ஒரு வரவு விடுபட்டிருக்கலாம். அடுத்து சஸ்பென்ஸ் (எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு), அது பூஜ்யமாகும்வரை ஃபைல் என் மேஜையை விட்டுப் போகாது. பேங்க் இருப்பு ஸ்டேட்மென்டோடு ஒத்துப்போகிறதா, லோன் தவணையில் அசலும் வட்டியும் பிரிந்திருக்கிறதா, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கச் செலவு இருக்கிறதா, வாடகை, கான்ட்ராக்ட் லெட்ஜர்களில் டிடிஎஸ் விட்டுப்போனதா என்று பார்ப்பேன்.

விற்பனையை மட்டும் 11-ஆம் தேதிக்கு முன்பே முழுசாகப் பாருங்கள். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1-இல் போட்ட விற்பனை வரி 3பி-யில் அப்படியே வந்து நிற்கிறது, அங்கே கைவைக்க முடியாது. தவறிருந்தால் 3பி போடும் முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ போட்டுத்தான் திருத்த வேண்டும். முன்பெல்லாம் "3பி-யில் பார்த்துக்கலாம்" என்று விட்டோமே, அந்தப் பழக்கம் இனி ஆகாது.

தவறு நடந்தால் யார் பொறுப்பு?

நாம்தான். டிபார்ட்மென்டும் கிளையன்டும் நம்மைத்தான் கேட்பார்கள். லேட் ஃபீ, வட்டி வந்தால் யார் கட்டுவது என்று வெளியே இருப்பவரோடு முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம். வீட்டில் இருந்து செய்பவரிடம் நான் ஒருபோதும் பிடித்ததில்லை. சரிபார்க்க வேண்டியது என் வேலை.

அமெரிக்க ஆடிட் ஆபீஸ்களிடமிருந்து வேலை வாங்கி நாம் செய்யலாமா?

செய்கிறார்கள். அங்கே ரிட்டர்ன் தயாரிப்பவர், வரி விவரத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பும் முன் வரி கட்டுபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அவர்கள் சட்டத்தின் 7216-ஆவது பிரிவு அது, மீறினால் குற்றவியல் நடவடிக்கை. சம்மதம் வாங்கியாயிற்றா என்று கேட்காமல் ஃபைலைத் திறக்காதீர்கள். நம் பக்கம் இது சேவை ஏற்றுமதி, எல்யுடி (ஜிஎஸ்டி துறைக்குத் தரும் உறுதிக் கடிதம்) கொடுத்தால் ஜிஎஸ்டி கட்டாமல் பில் போடலாம்.

எங்கள் ஸ்டாஃப் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

முதல் நாளே உட்கார வைத்துப் பேசுங்கள். எங்கள் சீனியர் ஸ்டாஃப் அக்கா 12 வருடமாக என்ட்ரி போட்டவர். "அப்ப எனக்கு என்ன சார் வேலை?" என்று கேட்டார். இப்போது வெளியே இருந்து வரும் எல்லா ஃபைலையும் முதலில் பார்ப்பது அவர்தான். சம்பளமும் கூட்டிக் கொடுத்தேன். எங்கே தவறு வரும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது.

எப்போது தொடங்கலாம்?

ஜூலையிலும் செப்டம்பரிலும் வேண்டாம். ஆடிட் ரிட்டர்ன்கள் அக்டோபர் 31-ஓடு முடியும். நவம்பர் முதல் வாரம் இரண்டே ஃபைலோடு தொடங்குங்கள், ஒன்று சுலபமானது, ஒன்று குழப்பமானது. முதல் மாதம் ஆபீசிலும் அதே என்ட்ரிகளைப் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஜனவரி 20 தாண்டியும் இரண்டும் சரியாகப் போனால் அடுத்த மூன்று ஃபைல்களை அனுப்புங்கள்.